சாம்பல் நிறத்தில் ஒரு 'வேண்டாம்'

ஈஸ்டர் அதிகாலையில் மகளின் கல்லறை முன்னால் நின்றபோது ஆசீருக்குப் பசித்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் அந்த ஒரு விடியற்காலையில் மட்டும் இறந்தவர்கள் இருக்கும் இடத்தில் இருப்பவர்களுடைய கூட்டம் நெரியும். அவர் மனைவி எப்சிபா கல்லின்மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். 'லிதியா' என்ற பெயரில் கடைசி எழுத்தின் வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்திருந்ததை ஆசீர் கவனித்தார். கால் லிட்டர் டப்பா போதும் என்று நினைத்தார். வீட்டில் மாவு இருக்கிறதா, கடையில் இட்லி வாங்கிக்கொள்வதா என்று யோசித்தார்.

போன வருஷம் இதே இடத்தில் அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து நிறுத்தினார்கள். அது நினைவிருந்தது. பிடித்தவர்கள் யார் என்பதும் நினைவிருந்தது. ஏன் பிடித்தார்கள் என்பதுதான் வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வேன் கவிழ்ந்ததில் லிதியா இறந்தாள். பத்தொன்பது வயது. ஆசீருக்கும் எப்சிபாவுக்கும் உயிர் இருந்தது, முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருந்தது. நாளெல்லாம் இடுப்பிலிருந்து கால்வரை நெருப்பு ஓடும். இரண்டு பேருக்கும் முதுகின் தோலுக்கு அடியில் 'தணிவு' என்ற கருவியை வைத்தார்கள். அதிலிருந்து போகும் இழை மூளைக்குள் முடியும். நெருப்பு நின்றது. அவர் தாமிரபரணி மதகுகளைத் திரையில் கண்காணிக்கும் வேலைக்குத் திரும்பினார். அவள் சமையலுக்குத் திரும்பினாள். மகள் மட்டும் திரும்பவில்லை. அதற்காக இருவரும் அழுதார்கள். தணிவின் நாலாம் பதிப்பு அதை அனுமதித்தது.

ஐந்தாம் பதிப்பு வந்தபோது இருவரும் வேண்டாம் என்றே இருந்தார்கள். போனில் கேட்கும்போதெல்லாம் 'பிறகு பார்க்கலாம்' என்பதை அமுக்கினார்கள். அப்படி ஒரு தடவை அமுக்கினால் முப்பத்தைந்து நாள் தள்ளிப்போகும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பில் ஆளுக்கு ஒன்றை விடுவது அவர்கள் வீட்டு வழக்கம். எப்சிபா கறி மீன் விடுவாள். இந்த வருஷம் ஆசீர் போனை விட்டார். நோன்பு தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய நாள் 'பிறகு பார்க்கலாம்' அமுக்கிவிட்டு, போனை அணைத்து பீரோவில் வைத்தார். லெந்து முப்பத்தைந்து நாளைவிடப் பெரியது. அதை அவர் யோசிக்கவில்லை.

நோன்பு முழுவதும் அவருக்கு ஒரே ஜெபம்தான்: சமாதானம் தாரும் ஆண்டவரே. பெரிய வெள்ளியன்று மும்மணி தியான ஆராதனையில் சுற்றிலும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண் உலர்ந்திருந்தது. ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று நம்பினார். "ஆண்டவர் என் பாரத்தை எடுத்துட்டார் எப்சி" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அவள் அவரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தாள்.

கல்லறையிலிருந்து திரும்பி வந்து இட்லி சாப்பிட்ட பிறகு போனை எடுத்து உயிர்ப்பித்தார். நாற்பத்து மூன்று செய்திகளுக்கு நடுவே ஒன்று: 'வாழ்த்துகள். உங்கள் தணிவு ஐந்தாம் பதிப்புக்கு உயர்த்தப்பட்டது.'

எப்சிபாவிடம் நீட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அப்போ அது ஆண்டவர் இல்லையா?"

"கம்பெனி" என்றார் ஆசீர்.

*

அன்றைக்கே இருவரும் வண்ணார்பேட்டையில் இருந்த தணிவு சேவை மையத்துக்குப் போனார்கள். அங்கே வேலை பார்த்த சண்முகவடிவு இரண்டு பேருக்கும் முதல் நாளிலிருந்து பழக்கம். ஆசீரை அண்ணாச்சி என்பாள், எப்சிபாவை மதினி என்பாள். ஆசீரின் முதுகில் ரீடரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அஞ்சு நல்லா உக்காந்துட்டு அண்ணாச்சி."

"மறுபடி நாலுக்குப் போக முடியாதா?"

"பத்து நாளுக்குள்ள வந்திருந்தா முடியும். பழசை ஓரமா வச்சிருக்கும். பத்து நாள் ஆனதும் அழிச்சிரும். நீங்க ரெண்டு நாள் பிந்திட்டிய."

"அஞ்சு என்னதான் செய்யுது?" என்று எப்சிபா கேட்டாள்.

வடிவு ரீடரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உடம்பு நோவும் மனசு நோவும் மூளையில ஒரே வாசல் வழியாத்தான் போவுது மதினி. நாலு அந்த வாசல்ல நின்னுக்கிட்டு, நீ யாரு, எங்கேருந்து வாரேன்னு கேட்டு, உடம்பு நோவை மட்டும் நிறுத்தும். அஞ்சுக்கு அந்தப் பொறுமை இல்ல. கதவையே சாத்திரும்."

"சந்தோஷம்?"

"அதைத் தொடாதுன்னு கம்பெனி சொல்லுது. எங்க மாமாவுக்கு அஞ்சுதான். பேரன் பொறந்தப்போ லட்டு வாங்கிட்டு வந்தாவ. வாங்கணும்னு அவியளுக்குத் தெரிஞ்சிருந்தது. அவ்வளவுதான்."

ஆசீர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இது கெட்ட செய்தி என்று அவருக்குப் புரிந்தது. காலண்டரில் யாரோ சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனதுபோல, கெட்டது என்ற சொல் மட்டும் இருந்தது.

"அப்ப எனக்கு அப்டேட்டே வேண்டாம்" என்றாள் எப்சிபா. "எல்லாத்தையும் நிறுத்திரு வடிவு."

"அது ஆகாது மதினி. போன வருஷம் வடக்க நடந்ததைக் கேட்டியள்லா? செக்யூரிட்டி அப்டேட் போடாத கருவிக்குள்ள எவனோ பூந்து அணைச்சிட்டான். ரெண்டு நாள் அந்த ஜனங்க கத்துன கத்து. பூட்டை மாத்திக்கிட்டே இருக்கணும். ஆனா பூட்டு மாத்துறதுக்காக வீட்டையே மாத்தணும்னு இல்லைல்லா? அதுக்கு ஒரு வழி இருக்கு. கம்பெனி அதை வெளிய சொல்லாது."

அவள் எப்சிபாவின் கருவிக்குள் ஒரு கட்டளையை எழுதினாள். நாலிலேயே நில், பூட்டை மட்டும் மாற்று. மாதம் ஒரு தடவை செக்யூரிட்டி அப்டேட் வரும். அப்போது கருவி நாலு நிமிஷம் நின்றுவிடும். ஐந்தாம் பதிப்புக்கு அப்படி நிற்கத் தேவையில்லை, அதைத்தான் விளம்பரத்தில் பெருமையாகச் சொன்னார்கள். நாலுக்கு உண்டு. அந்த நாலு நிமிஷமும் நெருப்பு திரும்பி வரும். முதல் இரண்டு நிமிஷத்தில் பூட்டு மாறிவிடும். பிறகு திரையில் ஒரு கேள்வி வரும்: ஐந்துக்கு உயர்த்தலாமா?

"பச்சையா, பெருசா ஒரு 'சரி' இருக்கும். அதைத் தொடாதிய. கீழ தள்ளிக்கிட்டே போனா, அடியில சாம்பல் கலர்ல சின்னதா 'வேண்டாம்'னு இருக்கும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள அதை அமுக்கணும். அமுக்கலைன்னா சம்மதம்னு எடுத்துக்கிடும்."

"நோவுல துடிக்கவ எப்படி அமுக்குவா?" என்றாள் எப்சிபா.

"அதான் துணையாளுன்னு ஒருத்தரைப் பதியச் சொல்லுதாவ. உங்களுக்கு அண்ணாச்சியைத்தான் பதிஞ்சிருக்கு."

வடிவு இழுப்பறையிலிருந்து ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு காந்த வில்லையை எடுத்து ஆசீரிடம் கொடுத்தாள். "இது அவசரத்துக்கு. கருவிக்கு மேல வச்சு அமுக்குனா எல்லாம் அறுந்துரும். அப்புறம் இங்க வந்தாத்தான் மறுபடி ஓடும். அது வரைக்கும் நோவுதான். லேசுல தொட்டுராதிய."

எப்சிபா கணவனின் பக்கம் திரும்பினாள். "உடம்பு நோவை நான் தாங்கிக்கிடுவேன். எங்கிட்ட இருந்து அவளை எடுத்துராதீங்க."

"சரி" என்றார் ஆசீர். உப்பு வாங்கி வரச் சொன்னாலும் அவர் அதே குரலில்தான் சரி என்றிருப்பார்.

*

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் காலை அப்டேட் வரும். ஆசீர் முந்தின நாளே வேலைக்கு லீவு சொல்லிவிடுவார். கட்டிலில் பழைய போர்வையை மடித்து விரிப்பார். கடித்துக்கொள்ள ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து வைப்பார். பிளாஸ்கில் சுக்குக் காபி போட்டு வைப்பார். இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் மாதம் அவள் கத்தியபோது அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி வந்தது. பச்சைப் பொத்தான் திரையில் பாதியை அடைத்திருந்தது. இதை அமுக்கினால் இவள் இனி கத்த மாட்டாள், கல்லறையில் அழ மாட்டாள், நடு மத்தியானத்தில் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார மாட்டாள் என்று அவர் நிதானமாக யோசித்தார். கணக்குப் போட்டால் பச்சைதான் சரியாக வந்தது. அவருக்குள் எதுவும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு சரி என்று சொல்லியிருந்தார். விரலால் கீழே தள்ளிக்கொண்டே போய்ச் சாம்பல் எழுத்தை அமுக்கினார்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்ததும் எப்சிபா மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பிறகு அது தினசரிப் பழக்கமாயிற்று. லிதியா தயிர்ச் சோற்றில் மிக்சரைக் கொட்டிச் சாப்பிடுவது. மாடியில் குதிகால் அதிர அவள் நடக்கிற நடை. கணக்கில் பெயிலானதை மறைக்க அப்பாவின் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அப்பாவிடமே வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டது.

"இந்த எடத்துல நீங்க எப்பவும் சிரிப்பிய" என்பாள்.

ஆசீர் சிரிப்பார்.

"போதும், போதும். பல்லு டாக்டர்ட்ட காட்டுத மாதிரி இருக்கு."

ஆடி மாதம் எப்சிபாவின் அக்கா ரூபி சாயர்புரத்திலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினாள். செவ்வாய்க்கிழமை நாலு நிமிஷத்தையும் வாசலில் நின்று கேட்டாள். எப்சிபா தூங்கியதும் ஆசீரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் கொழுந்தனாரே, உங்களுக்குத்தான் வருத்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவளுக்கும் அந்தப் பச்சையை அமுக்கிவிட்டா என்ன? கொறஞ்சா போயிருவிய?"

"அவ வேண்டாம்னுட்டா."

"அவ ஆயிரம் சொல்லுவா. உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதைச் செய்ய வேண்டியதுதானே?"

ஆசீர் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "எனக்கு ஒண்ணும் தோணலை மயினி. அதனாலதான் அவ சொல்லுததைக் கேக்கேன். என் தராசு ரிப்பேர். அவகிட்ட இருக்க தராசை வச்சுத்தான் நிறுக்கணும்."

ரூபி, "மரக்கட்டைன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சக் காபியை அவளே இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

*

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதச் செவ்வாயன்று காலையிலிருந்தே வானம் இருட்டிக்கிடந்தது. போர்வை, துண்டு, பிளாஸ்க் எல்லாம் தயாராக இருந்தன. எப்சிபா குப்புறப் படுத்தாள். கருவி நின்றது. அவள் உடல் வில்லாக வளைந்தது.

'பாதுகாப்புத் திருத்தம் முடிந்தது' என்று திரை சொன்னது. அடுத்து கேள்வி வரவில்லை. ஓர் அறிவிப்பு வந்தது. 'நான்காம் பதிப்புக்கான சேவை இன்றுடன் நிறைவடைகிறது. ஐந்துக்கு வரவேற்கிறோம்.' கீழே இரண்டு பச்சைப் பொத்தான்கள். ஒன்று 'இப்போது'. மற்றது 'இன்று மாலை'.

ஆசீர் கீழே தள்ளினார். நிறுவனத்தின் முகவரி வந்தது. இன்னும் தள்ளினார். ஒன்றும் இல்லை. மேலே போய் மறுபடி வந்தார். மூலையில் நேரம் குறைந்துகொண்டே இருந்தது. மாலை என்பதை அமுக்கினால் மாலையில் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எப்சிபா துண்டைத் துப்பிவிட்டு, "முடிஞ்சுதா?" என்றாள்.

"'வேண்டாம்' இல்ல எப்சி. எடுத்துட்டான்."

அவள் விரல்கள் கட்டில் சட்டத்தைப் பிறாண்டின.

அவர் மேசையிலிருந்து காந்த வில்லையை எடுத்தார். இதை வைத்தால் இன்னும் இரண்டு நிமிஷத்தில் நிற்க வேண்டிய நோவு, வண்ணார்பேட்டை போகிறவரை நிற்காது. வைக்காவிட்டால் நின்றுவிடும், எல்லாமே நின்றுவிடும். அவருக்கு இரக்கம் வரவில்லை, பயம் வரவில்லை. எடுத்துராதீங்க என்று அவள் கேட்டது மட்டும் ஞாபகம் வந்தது. வில்லையை அவள் முதுகில் வைத்து அமுக்கினார். போன் திரை கறுத்தது.

அழைத்ததும் ஓட்டுநர் இல்லாத ஆட்டோ வாசலுக்கு வந்தது. அவளைத் தூக்கி உட்கார வைத்தார். முருகன்குறிச்சியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நின்றிருந்தன. அவள் அலறினாள். இடையில் மகளைக் கூப்பிட்டாள், ஆண்டவரைக் கூப்பிட்டாள், ஆசீரை ஒருமையில் திட்டினாள்.

ஆட்டோவின் இனிய பெண் குரல், "பயணி வேதனையில் இருப்பதாகத் தெரிகிறது. தணிவு ஐந்து பற்றி அறிய விரும்புகிறீர்களா?" என்று கேட்டது.

"இல்ல" என்றார் ஆசீர்.

"நன்றி. பயணம் இனிதாகட்டும்."

அவர் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சாரல் அவள் முகத்தில் படாமல் கையால் மறைத்தார். வழி முழுவதும் அந்தக் கையை எடுக்கவில்லை.

*

வடிவு ஓடி வந்து கதவைத் திறந்தாள். அவளுக்கும் அன்று காலைதான் விஷயம் தெரிந்திருந்தது. எப்சிபாவைப் படுக்க வைத்து, ஒயரைச் சொருகி, கருவியை எழுப்பினாள். அலறல் முனகலாகி, முனகல் மூச்சாயிற்று. வடிவு திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலுதான் இருக்கு. கடைசிப் பூட்டும் உள்ள வந்துட்டு. பூட்டு மாறி, வீடு மாறுறதுக்குள்ள அறுத்திருக்கிய."

"இனிமே?"

"வெளித் தொடர்பை அடைச்சிட்டேன். எவனும் உள்ள வர முடியாது, கம்பெனியும் வர முடியாது. நரம்பு மாற மாற கருவியைச் சரிபண்ணணும்லா, அதுக்கு மாசம் ஒருக்கா இங்க வாங்க. ஒயர் போட்டு நானே பாத்துக்கிடுதேன். கம்பெனி கேட்டா கேக்கட்டும். நான் இருக்கற வரைக்கும் பாப்பேன்."

எப்சிபா கண்ணைத் திறந்தாள். முதலில் எதையோ தேடுவதுபோல முகம் சுருங்கியது. பிறகு கண்ணில் நீர் வந்தது. "அவ இருக்கா" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள்.

"நான் கத்துனது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று பிறகு கேட்டாள்.

"இல்ல."

"பச்சையை அமுக்கியிருந்தா ரெண்டு பேருக்குமே தொல்லை விட்டிருக்கும். ஏன் அமுக்கலை?"

"நீ கேட்டிருந்தே."

அவள் எழுந்து உட்காருவதற்காக அவர் முதுகைப் பற்றினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "என்னங்க இது, இப்படிச் சுடுது?"

வடிவு வந்து அவர் சட்டையைத் தூக்கினாள். கருவி இருந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். ரீடரை வைத்தாள்.

"கடைசியா எப்போ சார்ஜ் போட்டிய அண்ணாச்சி?"

"நேத்து ராத்திரி."

"ஒருக்கா போட்டா பத்து நாள் வரணுமே. சுத்தமாத் தீரப் போவுது."

"கருவி கெட்டுப்போச்சா?" என்றாள் எப்சிபா.

"கெடலை மதினி. நல்லாத்தான் வேலை பாத்திருக்கு." வடிவு ரீடரைக் கீழே வைத்தாள். "சும்மா இருந்தா இது சுடாது. அடக்க வேண்டியது நெறய வந்தாத்தான் சுடும். நான் எத்தனையோ பேருக்குப் பாத்திருக்கேன். இவ்வளவு சுட்டுப் பாத்ததில்ல."

தெருவில் மழை ஓய்ந்திருந்தது. வேறு யாருடைய சமாச்சாரத்தையோ கேட்பதுபோல ஆசீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப உள்ள இருக்கா?" என்றார்.

"எல்லாம் இருக்கு அண்ணாச்சி. கதவுக்கு அந்தப் பக்கம்."

எப்சிபா அவர் முதுகில் கன்னத்தை வைத்தாள். சுடும் என்று வடிவு சொன்னதைக் கேட்கவில்லை. சட்டை நனைவது அவருக்குத் தெரிந்தது.

வடிவு சார்ஜரை எடுத்து வந்தாள். "இன்னும் பத்து நிமிஷம்கூட தாங்காது. தீர்ந்துட்டா கதவு தொறந்துரும். உடம்பு நோவும் சேர்ந்து வரும். திரும்புங்க, மாட்டிவிடுதேன்."

ஆசீர் திரும்பவில்லை. ஒருத்தி பெரிய பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகிறாள், கூட வருகிறவன் கையை வீசிக்கொண்டு வருகிறான். ஈஸ்டரிலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறது. அது சரியில்லை என்று தெரிந்துகொள்ள உணர்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

"கொஞ்சம் பொறு வடிவு" என்றார். "தீரட்டும்."

"வெளையாடாதிய அண்ணாச்சி. அந்த நோவு..."

"தெரியும். இப்பத்தான் ஆட்டோல பாத்துட்டு வாரேன்."

"எவ்வளவு நேரம் விடச் சொல்லுதிய?"

"எப்சி போதும்கிற வரைக்கும்."

வடிவு எப்சிபாவைப் பார்த்தாள். எப்சிபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள். சார்ஜரை வடிவிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் ஆசீர். சுவரிலிருந்த கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். "இன்னும் இல்ல."